முதலில் யாரைக் கேட்பது?

மாடம்பாக்கத்தில் இன்னும் வீடு எழும்பாத ஒரு காலி மனை. மாலை ஐந்து மணி. பத்துப் பன்னிரண்டு பையன்கள் கூடி நிற்கிறார்கள். செருப்புகளைக் கழற்றி இரண்டிரண்டாக வைத்துக் கோல் கம்பம் ஆக்கியாகி விட்டது. பந்தும் தயார். இனி ஆள் பிரிக்க வேண்டியதுதான் பாக்கி.

கூட்டத்தில் பெரியவர்களான இரண்டு பையன்கள் காப்டன்கள். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்க்கிறார்கள். ஜெயித்தவன் முதலில் கேட்க வேண்டும்.

"எனக்குக் கோல்கீப்பர்!"

"போடா! கோல்கீப்பரை வச்சிக்கிட்டு நீ என்ன பண்ணுவே? எனக்குக் குள்ளன்! அவன்தான் கோல் போடுவான்!"

இப்படியே ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுக் கொண்டு போவார்கள். கடைசியில் ஒரு பொடியன் மிஞ்சி நிற்பான். அவனை யாரும் கேட்க மாட்டார்கள். "சரி, நீ ஒப்புக்குச் சப்பாணி" என்று ஏதாவது ஒரு பக்கம் தள்ளி விடுவார்கள்.

இந்தக் காட்சி நடக்காத தெரு தமிழ்நாட்டில் இல்லை எனலாம். ஆனால், இதே காட்சி கோடிக்கணக்கான ரூபாய் புரளும் பெரிய மனிதர்களின் சபையிலும் நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அங்கே அதற்கு "டிராப்ட்" என்று பெயர். முதலில் யாரைக் கேட்பது என்ற சண்டை அங்கேயும் உண்டு. அந்தச் சண்டையில் சென்னைக் கால்பந்துக் கோஷ்டிக்கும் பங்கு இருந்தது.

ஏலம் வேறு, டிராப்ட் வேறு

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஏலம் நன்றாகத் தெரியும். ஒரு ஆட்டக்காரரின் பெயரைச் சொல்வார்கள். கோஷ்டி முதலாளிகள் விலையை ஏற்றிக் கொண்டே போவார்கள். கடைசி விலை சொன்னவருக்கு அந்த ஆட்டக்காரர் சொந்தம்.

டிராப்ட் அப்படி அல்ல. ஆட்டக்காரருக்கு என்ன சம்பளம் என்பது முன்பே முடிவாகி இருக்கும். விலையை ஏற்ற முடியாது. கோஷ்டிகள் வரிசையாக, முறை வைத்து, ஆளுக்கு ஒருவராகக் கேட்க வேண்டும். முன்னால் இருப்பவர் ஒருவரை எடுத்து விட்டால், பின்னால் இருப்பவர் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் பயன் இல்லை.

ஆகவே, ஏலத்தில் பணம் எவ்வளவு முக்கியமோ, டிராப்டில் வரிசை அவ்வளவு முக்கியம். முதல் இரண்டு மூன்று முறைகளில் யாரை எடுப்பது என்பதே அந்தக் கோஷ்டியின் தலைவிதியை நிர்ணயிக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மைதானா?

கடைசியில் வந்தவனுக்கு முதல் உரிமை

இந்த முறை பிறந்த இடம் அமெரிக்கா. அங்கே "புட்பால்" என்பது நம்முடைய கால்பந்து அல்ல. பந்தைக் கையில் பிடித்துக் கொண்டு முட்டி மோதி ஓடும் ஆட்டம். பிலடெல்பியா கோஷ்டியின் சொந்தக்காரரான பெர்ட் பெல் என்பவர் 1935-ல் ஒரு யோசனை சொன்னார். "பணக்காரக் கோஷ்டிகளே நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக் கொண்டு போனால் பந்தயத்தில் சுவாரசியம் இருக்காது. சென்ற ஆண்டு கடைசி இடத்தில் வந்தவன் இந்த ஆண்டு முதலில் ஆள் எடுக்கட்டும்" என்பதே அந்த யோசனையின் சாரம்.

யோசனை ஏற்றுக் கொள்ளப்பட்டது. 1936 பிப்ரவரி 8-ந் தேதி முதல் டிராப்ட் நடந்தது. சென்ற ஆண்டு கடைசி இடத்தில் வந்திருந்தது யார்? பெர்ட் பெல்லின் சொந்தக் கோஷ்டியேதான்!

அவர் முதல் ஆளாகச் சிகாகோ பல்கலைக் கழக மாணவர் ஜே பெர்வாங்கரை எடுத்தார். அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவர் என்று பரிசு பெற்றவர் அவர். ஆனால் என்ன நடந்தது? சம்பளப் பேச்சு ஒத்து வரவில்லை. உரிமை வேறு கோஷ்டிக்கு மாற்றப்பட்டது. அங்கேயும் பேச்சு முறிந்தது. டிராப்ட் சரித்திரத்தின் முதல் ஆள், தொழில் முறைப் பந்தயம் ஒன்றில்கூட ஆடாமலே ஒதுங்கிக் கொண்டார்!

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2000-ம் ஆண்டு டிராப்டில் டாம் பிரேடி என்ற இளைஞர் 199-வது ஆளாக எடுக்கப்பட்டார். அவருக்கு முன்னால் 198 பேரைக் கேட்டு விட்டார்கள். ஏறக்குறைய ஒப்புக்குச் சப்பாணி. அந்த பிரேடிதான் பிற்காலத்தில் ஏழு முறை அந்நாட்டின் மிகப் பெரிய கோப்பையை வென்று சாதனை படைத்தார்.

டில்லி செய்த கணக்கு

இந்தியாவிலும் இப்படி ஒரு கதை நடந்திருக்கிறது. அது கிரிக்கெட் கதை.

2008-ல் ஐ.பி.எல். பந்தயம் தொடங்கியபோது பெரிய ஆட்டக்காரர்களை ஏலம் விட்டார்கள். ஆனால் 19 வயதுக்கு உட்பட்டோர் கோஷ்டியில் ஆடிய இளைஞர்களை ஏலம் விடவில்லை. டிராப்ட் முறையில் பங்கிட்டார்கள். முதலில் கேட்கும் வாய்ப்பு டில்லிக்குக் கிடைத்தது.

டில்லிக்காரரான விராட் கோலி அப்போதுதான் இளைஞர் உலகக் கோப்பையை வென்று வந்த காப்டன். சொந்த ஊர்ப் பையன். டில்லி அவரைத்தான் கேட்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் டில்லி கேட்டது பிரதீப் சங்வான் என்ற பந்து வீச்சாளரை!

காரணம் இல்லாமல் இல்லை. சேவாக், கம்பீர் என்று மட்டை பிடிப்பவர்கள் டில்லியில் ஏற்கெனவே நிறைந்திருந்தார்கள். பந்து வீச்சாளர்தான் தேவை. கணக்குச் சரிதான். ஆனால் அந்தக் கணக்கு இன்றுவரை டில்லியைப் பரிகாசம் செய்கிறது. கோலி பெங்களூருக்குப் போனார். அங்கேயே நிலைத்தார்.

சரி, கோலியைப் பெற்ற பெங்களூர் உடனே கோப்பையை வாங்கி விட்டதா? அதுவும் இல்லை. 2025 வரை, பதினெட்டு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, தேவையைப் பார்த்து எடுப்பதா, திறமையைப் பார்த்து எடுப்பதா, ஊர்க்காரனைப் பார்த்து எடுப்பதா என்ற மூன்று கேள்விகளும் அந்த ஒரே சம்பவத்தில் அடங்கி இருக்கின்றன. கால்பந்துக்கு வருவோம்.

முதல் ஆள் ஆட்டோ ஓட்டியவர்

இந்தியன் சூப்பர் லீக் என்ற கால்பந்துப் பந்தயம் 2014-ல் எட்டுக் கோஷ்டிகளுடன் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலையில் மும்பையில் நடந்த டிராப்டில்தான் இந்திய ஆட்டக்காரர்களைப் பங்கிட்டார்கள். 2015-ல் பத்துப் பெரிய ஆட்டக்காரர்களை மட்டும் ஏலம் விட்டுப் பார்த்தார்கள். சுனில் சேத்ரி 1 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு மும்பைக்குப் போனார். "சென்னையின் எப்.சி." கோஷ்டி, தோய் சிங்கை 86 லட்சத்துக்கும், கோல்கீப்பர் கரன்ஜித் சிங்கை 60 லட்சத்துக்கும் எடுத்தது.

2017-ல் ஜாம்ஷெட்பூர், பெங்களூர் என்று இரண்டு புதுக் கோஷ்டிகள் சேர்ந்தன. ஜூலை 23-ந் தேதி மும்பையில் பெரிய டிராப்ட் நடந்தது. பழைய ஆட்டக்காரர்களைத் தக்க வைத்துக் கொண்ட கோஷ்டிகள் முதல் சுற்றுகளில் காத்திருக்க வேண்டியிருந்தது. கையில் யாரும் இல்லாமல் வந்த ஜாம்ஷெட்பூருக்கு முதலில் கேட்கும் யோகம் அடித்தது.

அந்த ஆண்டு இன்னொரு விதியும் மாறியது. அதற்கு முன்பு மைதானத்தில் இருக்கும் 11 பேரில் 5 பேர் இந்தியராக இருந்தால் போதும். 2017-ல் இந்தியர் 6 பேராவது இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். எனவே நல்ல இந்திய ஆட்டக்காரருக்குக் கிராக்கி ஏறியது.

ஜாம்ஷெட்பூர் யாரைக் கேட்டது? கோல் போடுபவரை அல்ல. கோலைத் தடுக்கும் பின்வரிசைக்காரர் அனஸ் எடத்தொடிகாவை. சம்பளம் 1 கோடியே 10 லட்சம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துக் கொண்டோட்டிக்காரர். குடும்பக் கஷ்டத்தால் இளம் வயதில் ஆட்டோ ரிக்ஷா ஓட்டியவர். நாட்டின் முதல் ஆளாக அவர் பெயர் படிக்கப்பட்டபோது பலர் கண்கலங்கினால் ஆச்சரியம் இல்லை. அடுத்து, கோல்கீப்பர் சுப்ரதா பாலையும் ஜாம்ஷெட்பூரே எடுத்துக் கொண்டது. சம்பளம் 87 லட்சம்.

முதல் இரண்டு ஆட்களும் தடுப்பவர்கள்! "வீட்டுக்கு முதலில் கதவு, பிறகுதான் ஜன்னல்" என்று சிலர் பாராட்டினார்கள். "கதவை மட்டும் வைத்துக் கொண்டு எப்படி ஜெயிப்பது?" என்று சிலர் கேட்டார்கள்.

பலன் என்ன? சுப்ரதா பால் அந்தப் பந்தயத்தின் சிறந்த கோல்கீப்பர் பரிசைப் பெற்றார். அனஸ் காயமடைந்து பல ஆட்டங்களில் இறங்க முடியவில்லை. ஜாம்ஷெட்பூர் ஐந்தாம் இடம் பிடித்து, ஒரே ஒரு படியில் அரை இறுதியைத் தவற விட்டது. அதே 1 கோடியே 10 லட்சத்துக்குக் கொல்கத்தா எடுத்த யூஜின்சன் லிங்டோவும் காயத்தால் உட்கார வேண்டியதாயிற்று. கொல்கத்தா ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது.

மிக அதிகச் சம்பளம் பெற்ற இருவரும் காயமடைந்தார்கள். வரிசையில் முன்னால் நிற்பது நல்லதுதான். ஆனால் முழங்காலுக்கும் தொடைச் சதைக்கும் வரிசை தெரியாது!

சென்னை செய்தது என்ன?

சென்னைக் கோஷ்டி அந்த டிராப்டுக்கு அவசரப்படாமல் போயிற்று. மிசோரம்காரர் ஜேஜேயையும், 2015-ல் ஏலத்தில் எடுத்த கரன்ஜித்தையும் முன்பே தக்க வைத்துக் கொண்டது. அனிருத் தாப்பா, ஜெர்ரி என்ற இரண்டு இளைஞர்களையும் விடவில்லை. அப்போது தாப்பாவுக்கு வயது 19. இவர்களுக்காக, முன்வரிசையில் நின்று பெரிய பெயர்களைக் கேட்கும் வாய்ப்பை விட்டுக் கொடுத்தது.

தோய் சிங், பிக்ரம்ஜித் சிங், முகம்மது ராபி, ஜெர்மன்பிரீத் சிங், தனபால் கணேஷ் என்று எடுத்தார்கள். ரசிகர்களைத் துள்ளிக் குதிக்க வைக்கும் பட்டியல் அல்ல இது.

ஆனால் 2018 மார்ச் 17-ந் தேதி என்ன நடந்தது? பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிஷத்திலேயே சேத்ரி கோல் போட்டார். உள்ளூர்க் கூட்டம் ஆரவாரம் செய்தது. சென்னை அசரவில்லை. 3-க்கு 2 என்று பெங்களூரை அதன் வீட்டிலேயே தோற்கடித்துக் கோப்பையை இரண்டாம் முறையாக வாங்கி வந்தது. 2015-ல் முதல் கோப்பை; 2018-ல் இரண்டாவது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த மூன்று கோல்களையும் போட்டவர்கள் பிரேசில் நாட்டுக்காரர்கள். இரண்டு மெயில்சன் ஆல்வ்ஸ். ஒன்று ராபேல் அகஸ்டோ. அந்த ஆண்டு வெளிநாட்டவர்களை டிராப்டில் எடுக்கவில்லை. நேரே பேசி அழைத்து வந்தார்கள். எனவே கோப்பை முழுவதும் டிராப்டின் பலன் என்று சொல்ல முடியாது.

ஆனால் இறுதி ஆட்டத்துக்குச் சென்னையைக் கொண்டு போனது யார்? அதுதான் முக்கியம்.

வியாசர்பாடிப் பையன்

இறுதி ஆட்டத்துக்கு நான்கு நாட்களுக்கு முன்னால், மார்ச் 13-ந் தேதி, சென்னை நேரு ஸ்டேடியத்தில் கோவாவுடன் அரை இறுதி. கோவாவில் நடந்த முதல் ஆட்டம் 1-க்கு 1 என்று சமமாக முடிந்திருந்தது. இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவருக்கே வாழ்வு.

26-வது நிமிஷம். ஜேஜே தலையால் முட்டி முதல் கோல் போட்டார். மூன்றே நிமிஷத்தில் இரண்டாவது கோல் விழுந்தது. அதைப் போட்டவர் தனபால் கணேஷ். வட சென்னை வியாசர்பாடியில் வளர்ந்த பையன்! கடைசியில் ஜேஜே இன்னொன்று போட, சென்னை 3-க்கு 0 என்று ஜெயித்தது.

கரன்ஜித்தின் கதையையும் பாருங்கள். 60 லட்சம் கொடுத்து எடுத்த 2015-ம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் கோலைக் காத்தவர் அவர் அல்ல, வெளிநாட்டுக்காரர் எடெல். "60 லட்சம் வீண்" என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. ஆனால் 2018-ல் கோப்பை வாங்கிய கோஷ்டியின் கோல்கீப்பர் கரன்ஜித்தான்.

ஆள் எடுத்த மறுநாளே கணக்குப் பார்ப்பது, விதை போட்ட மறுநாளே தோண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

கை நழுவியவர்

சென்னைக்கு வருத்தம் தரும் கணக்கும் ஒன்று உண்டு.

நந்தகுமார் சேகர் என்ற இளைஞர். சென்னையில் பிறந்தவர். இடது ஓரத்தில் பந்தை உருட்டிக் கொண்டு உள்ளே பாய்வதில் கெட்டிக்காரர். 2017-ல் அவர் போய்ச் சேர்ந்தது டில்லிக் கோஷ்டிக்கு. அந்தக் கோஷ்டி 2019-ல் ஒடிசாவுக்கு இடம் மாறியபோது அவரும் போனார்.

2023-ல் கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்துக் கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 12-ந் தேதி டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. அதற்கு முந்தைய எட்டு மோதல்களிலும் மோகன் பகானே வென்றிருந்தது. அன்று ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டு அந்தத் தொடரை முறித்தவர் நந்தகுமார். ஒரே நாளில் வங்காளிகளின் செல்லப் பிள்ளை ஆகி விட்டார். 2024 ஜனவரியில் ஈஸ்ட் பெங்கால் சூப்பர் கோப்பையை வென்றபோது இறுதி ஆட்டத்திலும் ஒரு கோல் அவருடையது.

சென்னைப் பையனைக் கொல்கத்தா கொண்டாடியது. டில்லியைப் பரிகாசம் செய்த கோலி கணக்கு, இங்கே சென்னையைப் பார்த்துச் சிரிக்கிறது.

வரிசை போயிற்று, வசதி வந்தது

2017-க்குப் பிறகு டிராப்ட் நடக்கவில்லை. ஒவ்வொரு கோஷ்டியும் தனக்கு வேண்டியவரை நேரே பேசி, நீண்ட கால ஒப்பந்தம் போட்டு எடுத்துக் கொள்ளலாம் என்று ஆயிற்று. உலகத்துக் கால்பந்து பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஆட்டக்காரருக்கும் இது நல்லது. எந்த ஊரில் ஆடுவது என்பதை அவரே முடிவு செய்யலாம் அல்லவா?

ஆனால் வசதி உள்ளவர்களுக்கே வசதி சேர்ந்தது. லீக் ஆட்டங்களில் முதலிடம் பெறும் கோஷ்டிக்குக் கேடயம் தருகிறார்கள். 2020-21 முதல் 2024-25 வரையுள்ள ஐந்து கேடயங்களில் இரண்டு மும்பைக்கு. இரண்டு மோகன் பகானுக்கு. மிச்சம் ஒன்றுதான் ஜாம்ஷெட்பூருக்கு. சென்னையில் வளர்ந்து பெயர் பெற்ற அனிருத் தாப்பாவும் 2023-ல் மோகன் பகானுக்குப் போய் விட்டார்.

சென்னையின் நிலை என்ன? 2018-ல் சாம்பியன். மறு ஆண்டே கடைசி இடம்! 9 புள்ளிகள்தான். அதற்கு மறு ஆண்டு, 2020-ல், மறுபடியும் இறுதி ஆட்டம். அதில் கொல்கத்தாவிடம் தோல்வி. பிறகு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எட்டாம் இடம். 2023-24-ல் ஆறாம் இடம். 2024-25-ல் பதின்மூன்று கோஷ்டிகளில் பதினோராம் இடம்.

போதாக்குறைக்கு 2025-ல் லீக்கே ஆட்டம் கண்டது. பந்தயத்தை நடத்தும் கம்பெனிக்கும் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் டிசம்பரில் முடிவதாக இருந்தது. புது ஒப்பந்தம் ஆகாததால் ஜூலையில் புதிய சீசனை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சென்னைக் கோஷ்டி தன் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. யாரை எடுப்பது என்ற கேள்வி போய், ஆட்டம் உண்டா என்ற கேள்வியே பெரிதாகி விட்டது.

இந்த இழுபறிகளைப் பார்த்த பிறகுதான், "பழையபடி டிராப்ட் வந்தால் என்ன?" என்று ரசிகர்களில் சிலர் கேட்கிறார்கள்.

பெரியப்பாவும் பிள்ளையும்

வந்தால் சென்னை முதலில் யாரைக் கேட்க வேண்டும்? நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் முடிந்து, பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் மின்சார ரயிலைப் பிடித்து, தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்து கேம்ப் ரோடு வழியாக மாடம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் இந்தச் சர்ச்சை முடிவதில்லை. ஒரு பெரியப்பாவும் அவர் தம்பி பிள்ளையும் பேசினால் இப்படித்தான் இருக்கும்:

"கோல் போடுறவனை எடுக்கணும்டா. கோல் இல்லாம எப்படி ஜெயிக்கிறது?"

"பெரியப்பா, கோல் போடத்தான் எல்லாரும் வெளிநாட்டு ஆளைக் கூட்டிட்டு வர்றாங்களே! நம்ம ஆளுங்களுக்கு அங்கே இடமே கிடைக்காது. நடு மைதானத்துக்கு ஒரு சின்னப் பையனை எடுங்க. பத்து வருஷம் ஆடுவான்."

"சின்னப் பையன் சரி. அவன் நம்ம ஊர்க்காரனா இருக்கணும். வியாசர்பாடிப் பையன் கோல் போட்டப்போ ஸ்டேடியம் எப்படி இருந்துச்சு? நம்ம பிள்ளை ஆடினா நாலு பேர் கூட வருவாங்க."

"நல்லா ஆடினா எந்த ஊர்க்காரனா இருந்தா என்ன, பெரியப்பா? ஜேஜே மிசோரம்காரர்தானே? அவருக்கு நீங்க கை தட்டலையா?"

பெரியப்பா பதில் சொல்லவில்லை. பல்லாவரம் ஸ்டேஷன் வந்து விட்டது.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நடந்த சம்பவங்களை வைத்துப் பார்த்தால் பிள்ளை சொல்வதே பெரும்பாலும் பலித்திருக்கிறது. பெயர் பெற்று, விலை ஏறிய பிறகு எடுத்தவர்களை விட, 19 வயதில் பிடித்து வைத்துக் கொண்ட தாப்பா போன்றவர்கள்தான் கோஷ்டிக்கு நெடுநாள் உழைத்தார்கள். ஆனால் பெரியப்பா சொல்லும் ஊர்ப் பாசத்தையும் தள்ளி விட முடியாது. நந்தகுமாரைக் கொல்கத்தா கொண்டாடும்போது சென்னைக்கு வலிக்கத்தானே செய்கிறது?

பட்டியலில் யார்?

ஆனால் இருவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. முதலில் யாரைக் கேட்பது என்பது இருக்கட்டும். கேட்பதற்குப் பட்டியலில் நம் பையன்கள் எத்தனை பேர்?

2017 அக்டோபரில் 17 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. அதில் ஆடிய இந்தியக் கோஷ்டியில் 21 பேர். அவர்களில் 8 பேர் மணிப்பூர்ப் பையன்கள். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி மணிப்பூர் மாநிலம் முழுவதற்கும் 28 லட்சம் பேர். அதே கணக்கில் சென்னை நகரில் மட்டும் 46 லட்சம் பேர்!

மணிப்பூர்ப் பையனுக்குக் கால் மூன்று இல்லை. அங்கே ஊருக்கு ஊர் கிளப் உண்டு. சின்ன வயதிலேயே பந்தயம் உண்டு. ஆடுவதைப் பார்த்துப் பொறுக்கி எடுக்க ஆள் உண்டு. சென்னையிலும் அப்படி நடக்கும் இடம் இல்லாமல் இல்லை. வியாசர்பாடியில் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக் கால்பந்து கற்றுக் கொடுக்கும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. அந்த மண்ணிலிருந்துதான் தனபால் கணேஷ் வந்தார். ஓரிடத்தில் முடிந்தது, இன்னோர் இடத்தில் முடியாதா?

மாடம்பாக்கத்தையே எடுத்துக் கொள்வோம். சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோவில் உள்ள பழைய ஊர். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்தது. வயல்கள் மனைகளாயின, மனைகள் வீடுகளாகின்றன. பேரூராட்சியாக இருந்த ஊர், 2021-ல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்து விட்டது. சாலை வரும், சாக்கடை வரும், விளக்கு வரும் என்று ஜனங்கள் எதிர்பார்க்கிறார்கள். நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் ஒவ்வொரு காலி மனையிலும் வீடு எழும்பும்போது, பையன்கள் செருப்பை வைத்துக் கோல் கம்பம் போட்ட இடம் ஒன்று மறைகிறது. அதற்குப் பதில் இடம் எங்கே?

தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள் இருக்கின்றன. வார்டுக்கு ஒன்று முடியாவிட்டாலும், இரண்டு மூன்று வார்டுகளுக்கு ஒரு மைதானமாவது வேண்டாமா? ஆண்டுக்கு ஒரு முறை, 12 வயதுப் பையன்களுக்கும் பெண்களுக்கும் வார்டுக்கு வார்டு பந்தயம் வைத்தால் என்ன? நல்ல ஆட்டக்காரர் யார் என்று அங்கே தெரிந்து விடும். ஒரு பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுத்து வைப்பது, மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி போடுவதை விடப் பயன் தரும். பெரிய கோஷ்டிகளும், கோடி ரூபாய் கொடுத்து வெளியூரில் தேடுவதில் ஒரு பங்கு அக்கறையைத் தாம்பரத்துக்குத் தெற்கேயும் திருப்பலாம்.

கிராமங்களில் முன்பு உத்தி பிரிப்பது என்று ஒரு வழக்கம் இருந்தது. சம பலமுள்ள இருவர் தனியே போய், ஆளுக்கு ஒரு மறைபெயர் வைத்துக் கொண்டு வருவார்கள். "இது வேண்டுமா, அது வேண்டுமா?" என்று காப்டனைக் கேட்பார்கள். எந்தப் பெயருக்குள் யார் இருக்கிறார் என்று தெரியாமலே அவர் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் பலம் சமமாகும். அமெரிக்கர்கள் 1935-ல் யோசித்ததை நம் ஊர்ப் பிள்ளைகள் எப்போதோ யோசித்து விட்டார்கள். அதில் இன்னொரு நல்ல அம்சமும் உண்டு. எல்லோருக்கும் ஒரு ஜோடி கிடைக்கும். யாரும் மிஞ்சி நிற்க வேண்டியதில்லை.

மிஞ்சி நிற்பவன்

டிராப்ட் என்பது இருப்பதைப் பங்கு போடும் முறைதான். இல்லாததை உண்டாக்கும் முறை அல்ல. முதலில் கேட்டாலும், முப்பதாவதாகக் கேட்டாலும், பட்டியலில் இல்லாத பையனை எந்தக் கோஷ்டியும் எடுக்க முடியாது.

முதல் ஆளாக எடுக்கப்பட்ட பெர்வாங்கர் ஆடவே இல்லை. 199-வது ஆளான பிரேடி ஏழு கோப்பைகள் வென்றார். ஆட்டோ ஓட்டிய அனஸ் நாட்டின் முதல் ஆளானார். யார் எங்கே போய் நிற்பார் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடிந்ததில்லை. எல்லோருக்கும் ஆட இடம் கொடுத்தால்தான் தெரியும்.

மாடம்பாக்கத்துக் காலி மனையில் இருட்டி விட்டது. ஆட்டம் முடியவில்லை. ஒப்புக்குச் சப்பாணியாக நின்ற பொடியனிடம் தற்செயலாகப் பந்து வருகிறது. காப்டன் அவசரமாகக் கத்துகிறான்:

"டேய், எனக்குக் கொடுடா!"

பொடியன் கொடுக்கவில்லை. பந்தை உருட்டிக் கொண்டு ஓடுகிறான்.

அடுத்த மாதம் அந்த மனையில் வாஸ்து பூஜை போடப் போகிறார்கள். அதற்குப் பிறகு அவன் எங்கே போய் ஓடுவான்?